நீக்கிய பாட்டும் சேர்த்த பாட்டும்

வானொலியிலே திரைப்படப் பாட்டைக் கேட்டு மகிழ்வோரிற் பலர், அப்பாட்டு இடம்பெற்ற படத்தைப் பார்த்திரார். படத்தைப் பாராமலே பாட்டைச் சுவைக்கலாம் என்பதனால், பாட்டு வேறு, கதை வேறு என்னும் எண்ணம் மெல்ல மெல்ல வேரூன்றிவிட்டது. கதைக்கு நடுவே செருகிய பூச்செண்டு போன்றது பாட்டு. வேண்டுமாயின் வைக்கலாம், வேண்டாவாயின் எடுக்கலாம் என்று கருதுவோர் உளர். நாட்டுக்கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதனை ஒப்பமாட்டார்கள். கூத்திலே வரவுப் பாட்டை எடுத்துவிட்டால் அரசன் களரிக்கு வந்து சேரவே மாட்டான். அங்கே பாட்டுத்தான் கதையைச் சுமந்து நடக்கிறது.

சித்திரப்படத்தில் இவ்வுண்மை இன்னும் அழுத்தமாய்ப் புலப்படும். நடிகர் நடிக்கும் படத்திலே காட்சியை எடுத்த பின்னரும் பாட்டைப்பற்றி யோசிக்கலாம். உயிரூட்டிய சித்திரப்படத்திலோ குரலும் இசையும் முன்னே, சித்திரம் பின்னே. பாட்டை முதலில் ஒலிப்பதிவு செய்து, அவ்வொலியை அளந்து, எந்த எழுத்தொலிக்கு எந்த வாயசைவு என்று குறித்துக்கொண்ட பிறகே சித்திரக்காரர் கோல் எடுப்பார். திரையிலே ஒரு விநாடிக்கு 24 தனிப்படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 1,440. பத்து நிமிடப் பாட்டொன்றுக்கு 14,400. ஆகவே வரைந்து முடிந்தபின் ஒரு பாட்டை நீக்குவதென்றால், பல பேருடைய பல மாத உழைப்பைக் குப்பையிலே கொட்டுவதாகும். வரையுமுன் நீக்கி வேறொன்றை வைப்பதென்றால், அந்த வேறொன்றை உடனே எழுதித் தருவார் யார் என்ற கேள்வி எழும்.

1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘பியூட்டி அன்ட் த பீஸ்ட்’ என்னும் சித்திரப்படத்தில் இக்கேள்வி எழுந்தது. அழகியும் விலங்கும் என்று அதன் பெயரைத் தமிழிலே சொல்லலாம். பத்து நிமிடமளவு நீண்ட பாட்டொன்று அதிலிருந்து நீக்கப்பட்டது. இரண்டே கால் நிமிடமளவில் முடியும் சிறிய பாட்டொன்று அந்த இடத்தில் வந்து அமர்ந்தது. அதனை எழுதிக் கொடுத்த கவிஞர் ஹவார்ட் அஷ்மன், படம் வெளிவருமுன்னரே மறைந்தார். அந்தச் சிறிய பாட்டின் வரலாறு, அந்தப் படம் பட்ட பாட்டின் வரலாறுமாகும்.

கதை பழையது. பிரான்ஸ் நாட்டிலே வில்நேவ் சீமாட்டி 1740இல் நீண்ட கதையாக எழுதியதை, லெப்ரன்ஸ் த போமொன்ட் சீமாட்டி 1756இல் சுருக்கிச் சிறுவர்க்கேற்றதாக்கினார். உலகெங்கும் பரவியது அந்தச் சுருக்கமே. விலங்கின் மாளிகையிலே தந்தைக்காகத் தன்னைச் சிறைகொடுத்த பெண், அவ்விலங்கின் உள்ளே உள்ள மனிதனைக் காண்கிறாள். அவள் அன்பினால் சாபம் நீங்குகிறது. சுருங்கச் சொன்னால் இவ்வளவுதான். 1946இல் பிரெஞ்சுக் கவிஞர் ழோன் கொக்தோ இதனை அழகிய திரைப்படமாக்கினார். வோல்ட் டிஸ்னி உயிரோடிருந்த காலத்திலேயே அவர் நிறுவனமும் முயன்று கைவிட்டது. கைவிட்டமைக்குக் காரணம் தேடிப் போக வேண்டியதில்லை. கதையின் நடுப்பகுதியிலே இரண்டு பேர் ஒரு வீட்டில் இருக்கிறார்கள், நாள்தோறும் சேர்ந்து உண்கிறார்கள், அவ்வளவே. அதனை எப்படிப் படமாய் வரைவது?

எண்பதுகளின் இறுதியில் நிறுவனம் மீண்டும் முயன்றது. இலண்டனிலே விளம்பரச் சித்திரப்படங்களால் பெயர்பெற்ற ரிச்சர்ட் பேர்டம் நெறியாளராக அமர்த்தப்பட்டார். தயாரிப்பாளர் டொன் ஹான். திரைக்கதையை எழுதியவர் லிண்டா வூல்வேர்ட்டன் என்னும் பெண்மணி. டிஸ்னியின் முழுநீளச் சித்திரப்படத்துக்குத் திரைக்கதை எழுதிய முதற் பெண் அவரே. சித்திரக்காரர் பிரான்சுக்குச் சென்று, லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள பழைய மாளிகைகளைப் பார்த்து வந்தனர். பாட்டு எதுவும் இல்லாத, இருண்ட சாயலுடைய கதையாக அது உருவாயிற்று. நாயகிக்கு ஒரு தங்கை, கொடிய அத்தை ஒருத்தி எனப் பாத்திரங்கள் பெருகின. 1989இல் முதற்பகுதியின் கோட்டுச் சித்திரங்களை ஒலியோடு கோத்துப் படநிறுவனத் தலைவர் ஜெஃப்ரி கட்சென்பேர்க்குக்குக் காட்டினர். அவர் முழுவதையும் எறிந்துவிட்டு அடியிலிருந்து தொடங்குமாறு கட்டளையிட்டார். சில மாதங்களில் பேர்டம் விலகினார்.

அதே ஆண்டு நவம்பரில் ‘லிட்டில் மேர்மெயிட்’ என்னும் கடற்கன்னிப் படம் வெளியாகிப் பெருவெற்றி கண்டது. அதன் பாட்டுகளை எழுதியவர் அஷ்மன்; இசையமைத்தவர் அலன் மென்கன். இருவரும் நியூயோர்க் நாடக அரங்கிலே பயின்றவர்கள். 1982இல் ஓர் ஊன் தின்னும் செடியைப் பாத்திரமாக்கி ‘லிட்டில் ஷொப் ஒஃப் ஹொரர்ஸ்’ என்ற இசை நாடகத்தை அரங்கேற்றிப் புகழ்பெற்ற இணையர். பாத்திரத்தின் உள்ளம் பேச்சினாற் சொல்ல முடியாத அளவுக்கு நிரம்பும்பொழுதே பாட்டுப் பிறக்க வேண்டும் என்பது அஷ்மன் அரங்கிலிருந்து கொண்டுவந்த கொள்கை. கடற்கன்னிப் படத்திலும் ஒரு பாட்டுக்கு ஆபத்து நேர்ந்தது. நாயகி மனித உலகை எண்ணி ஏங்கும் பாட்டு, வெள்ளோட்டத்தின்போது சிறுவரின் கவனத்தைப் பிடித்து நிறுத்தவில்லை. அதனை நீக்கிவிட வேண்டும் என்று கட்சென்பேர்க் கருதினார். அஷ்மனும் நெறியாளரும் போராடி அதனைக் காப்பாற்றினர். அந்தப் பாட்டு இல்லாவிட்டால் அவள் கடலை விட்டுப் போவதற்கு நியாயமே இராது.

கைவிட்ட கதையை இசை நாடகமாய் மாற்றித் தருமாறு இவ்விருவரையுமே நிறுவனம் வேண்டியது. அஷ்மனுடைய மனம் அப்பொழுது அலாவுதீன் கதையிலே இருந்தது, தயக்கத்தோடுதான் இசைந்தார். நெறியாளராக கேர்க் வைஸ், கெரி ட்ரூஸ்டேல் என்னும் இரண்டு இளைஞர் நியமிக்கப்பட்டனர். முழுநீளப் படமொன்றை அவர்கள் அதற்குமுன் நெறியாள்கை செய்ததில்லை. வெளியீட்டுக்கோ 1991 நவம்பர் என்று நாள் குறித்தாகிவிட்டது. வழக்கமாக நான்காண்டு பிடிக்கும் வேலைக்கு இரண்டாண்டே இருந்தது.

அஷ்மனுக்கு அந்த இரண்டாண்டும் இல்லை. அவரை எயிட்ஸ் நோய் பற்றியிருந்தது. பயன்தரும் கூட்டு மருந்துகள் 1996ஆம் ஆண்டளவிலேயே வழக்கத்துக்கு வந்தன. அதற்கு முற்பட்ட அக்காலத்தில் அந்நோயின் பெயர் சாவின் பெயராகவே கேட்கப்பட்டது. நோயாளியைத் தொடவும் அஞ்சிய காலம் அது. வேலை போகும், நட்பும் போகும் என்ற அச்சத்தால் பலர் மறைத்தனர். அஷ்மனும் மறைத்தார். 1990 மார்ச் மாதத்திலே கடற்கன்னிப் படப்பாட்டுக்காக இருவரும் ஒஸ்கார் விருது பெற்றனர். அந்த வெற்றி நாள் கழிந்து, நியூயோர்க் திரும்பிய பின்னரே, பல்லாண்டு தோழரான மென்கனிடம் உண்மையைச் சொன்னார். விருது நாளின் மகிழ்ச்சியைக் கெடுக்க அவர் விரும்பவில்லை போலும்.

கலிபோர்ணியாவிலே நடக்கவேண்டிய கதை ஆலோசனைகள், நியூயோர்க் மாநிலத்தில் பிஷ்கில் என்னும் சிற்றூரின் விடுதியொன்றுக்கு மாற்றப்பட்டன. அஷ்மனுடைய வீடு அதற்கு அண்மையில் இருந்தது. நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பறந்து வந்தவர்களுக்கு அதன் காரணம் முதலிற் சொல்லப்படவில்லை. அங்கேதான் கதை வடிவம் பெற்றது. சாபத்தினாற் பொருள்களாக மாறிய ஏவலாளர் அவரவர் குணத்தோடு பேசவும் பாடவும் வேண்டும் என்று அஷ்மன் வற்புறுத்தினார். மெழுகுதிரித் தாங்கி லுமியேர், மணிக்கூடு கொக்ஸ்வேர்த், தேநீர்க் கேத்தல் மிசிஸ் பொட்ஸ் ஆகியோர் இவ்வாறு உயிர்பெற்றனர். இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்த மாளிகையிலே கலகலப்பு உண்டாயிற்று. பழைய சிக்கல் பாதி தீர்ந்தது.

வூல்வேர்ட்டனுக்கும் கோட்டுச் சித்திரக்காரருக்கும் இடையே இழுபறி இருந்தது. நாயகி பெல், தான் காண விரும்பும் நாடுகளைத் தேசப்படத்திலே ஊசி குத்தி அடையாளமிடுவதாக அவர் எழுதினார். வரைந்து வந்ததைப் பார்த்தால் அவள் அடுக்களையில் கேக்குக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தாளாம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இறுதியில் பெல்லின் கையிலே ஒரு புத்தகம் வந்தது. அடுக்களைக்கும் தேசப்படத்துக்கும் நடுவே இப்படி ஒரு நல்ல சமரசம் கிடைத்தமைக்குப் படிக்கும் பெண் பிள்ளைகள் நன்றி சொல்லலாம்.

படத்தின் தொடக்கப் பாட்டு, ஊர் முழுவதையும் பெல்லையும் அவளை விரும்பும் கஸ்டனையும் ஒரே மூச்சில் அறிமுகம் செய்வது; நம்மவர் வரவுப் பாட்டு என்பர். இத்துணை நீண்ட பாட்டைச் சித்திரப்படக்காரர் சிரித்துத் தள்ளிவிடுவரோ என்று அஷ்மன் அதனை அனுப்பவே தயங்கினார். அது மாற்றமின்றி ஏற்கப்பட்டது. விருந்துப் பாட்டுக்கு நேர்ந்த கதை வேறு. மாளிகைப் பொருள்கள் எல்லாம் கூடி விருந்தினரை வரவேற்கும் அப்பாட்டு, முதலில் பெல்லின் தந்தை மொரிசை நோக்கிப் பாடுவதாகவே அமைந்திருந்தது. சித்திர வேலையும் நடந்துகொண்டிருந்தது. கதைச் சித்திரக்காரர் புரூஸ் வூட்சைட், கதையின் உயிர் பெல்லிடம் இருக்கும்பொழுது தந்தைக்கு ஏன் இத்தனை பெரிய வரவேற்பு என்று கேட்டார். கேட்டபின் மறுப்பதற்கு வழியில்லை. மொரிசுக்காக வரைந்தவை கைவிடப்பட்டன, வரிகள் திருத்தப்பட்டன, பாட்டு மகளிடம் போயிற்று.

அடுத்து நீண்ட பாட்டின் முறை. ‘ஹியூமன் அகெய்ன்’, அதாவது மீண்டும் மனிதராவோம் என்பது அதன் பெயர். பெல்லும் விலங்கும் மெல்ல நெருங்கிவருகையில், சாபம் நீங்கும் நாளை எண்ணி ஏவலாளர் துள்ளிப் பாடுவது. மென்கனின் இசை வட்டமாடும் நடன நடையில் அமைந்தது. பாட்டிலே குறையொன்றுமில்லை. குறை நாட்காட்டியிலே இருந்தது. அந்தப் பாட்டு நடைபெறும்பொழுதே பருவங்கள் மாறி மாதங்கள் பல ஓடின. அப்படியாயின் மகளைத் தேடிக் காட்டிற் புகுந்த முதியவர் மொரிஸ் அத்தனை மாதமும் என்ன செய்தார்? பெல்லை மணந்தே தீர்வேன் என்று சூழ்ச்சி செய்த கஸ்டன் ஊரிலே கைகட்டிக்கொண்டு நின்றானா? கதைக்குழுவினர் இதற்கு எத்தனையோ விடை தேடினர், எதுவும் பொருந்தவில்லை. காலத்தைச் சுருக்கினால் பாட்டு நில்லாது. பாட்டை வைத்தால் கதை நில்லாது. 84 நிமிடப் படத்திலே அது எட்டிலொரு பங்கை விழுங்கவும் செய்தது. சித்திரமாய் வரையத் தொடங்குமுன் அதனை நீக்கினார்கள்.

நீக்கியபொழுது ஒரு பள்ளம் விழுந்தது. பெல்லும் விலங்கும் எந்தக் கணத்தில் ஒருவரையொருவர் வேறுவிதமாய்ப் பார்க்கத் தொடங்கினர் என்பதைச் சொல்ல வேண்டும். அதனைச் சில நாட்களுக்குள்ளே நடந்ததாகச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகச் சொல்லி முடிக்கவும் வேண்டும். அஷ்மனும் மென்கனும் ‘சம்திங் தெயர்’ என்ற பாட்டைக் கொடுத்தனர். முன்பு காணாத ஏதோ ஒன்று அங்கே உளது என்பது அதன் கருத்து. பனி கொட்டிய முற்றத்திலே பறவைகளுக்குத் தீனி போடுகின்றனர். பனியுருண்டை எறிந்து விளையாடுகின்றனர். வாய் திறந்து ஒருவருக்கொருவர் பாடுவதில்லை. மனத்துக்குள்ளே எண்ணுவதே பாட்டாய் ஒலிக்கிறது. விலங்கு இந்தப் படத்திலே பாடுவது இந்த ஓரிடத்தில் மாத்திரமே. முந்தின பாட்டில் ஏவலாளர் தம் விடுதலையை எண்ணி ஆடினர். கதைக்குரிய இருவரும் அதிலே வாயடைத்து நின்றனர். புதிய பாட்டோ அவ்விருவருக்கே உரியது. ஏவலாளர் கடைசியிலே எட்டிப் பார்த்து இரண்டொரு வார்த்தை சொல்வதோடு சரி. நெருக்கடியினால் வந்த மாற்றம் கதையைச் செம்மையாக்கியது என்றே சொல்ல வேண்டும்.

அஷ்மன் தம் இறுதிக் காலத்திலே எழுதிய பாட்டுகளுள் இதுவும் ஒன்று. பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில் நின்று சேர்ந்தே பாட வேண்டும் என்பது அவருடைய வழக்கம். தனித்தனியே பதிவு செய்து பின்னர் ஒட்டுவது அவருக்கு ஒவ்வாது. நின்று நடத்தும் அண்ணாவியாரைப்போல் ஒவ்வோர் அடிக்கும் உணர்ச்சி சொல்லிக் கொடுப்பார். இப்பாட்டின் பதிவுக்கு அவரால் வர இயலவில்லை. வைத்தியசாலைப் படுக்கையிலிருந்து தொலைபேசி வழியாகக் கேட்டார். பெல்லுக்குக் குரல் கொடுத்த பெய்ஜ் ஓஹாரா, ஓரடியைப் பாடியபொழுது அவரிடமிருந்து வந்த திருத்தம் ஒரே ஒரு பெயர்தான் என்று பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்டின் பெயர் அது. ஓஹாராவுக்கு அந்தக் குறிப்புப் போதுமானதாயிற்று.

தலைப்புப் பாட்டின் பதிவும் சுருக்கமானதே. தேநீர்க் கேத்தலுக்குக் குரல் தந்த அஞ்செலா லான்ஸ்பரி, அப்பாட்டுத் தம் குரலுக்குப் பொருந்தாதென்று தயங்கினார். பதிவுக்கு அவர் வந்த விமானமும் வெடிகுண்டுப் புரளியினாற் தாமதித்தது. வந்து ஒரே தடவை பாடினார். அந்த ஒரு தடவையே படத்தில் உள்ளது. அதற்குரிய நடன மண்டபத்தைக் கணினியினால் அமைத்து, ஆடுவோரைச் சுற்றிப் படக்கருவி பறப்பதுபோலக் காட்டினர்; அக்காலத்துக்கு அது புதுமை.

1991 மார்ச் 10ஆம் நாள், இன்னும் முடிவுறாத படம் நியூயோர்க்கிலே பத்திரிகையாளருக்குக் காட்டப்பட்டது. வரவேற்பு எதிர்பாராத அளவுக்கு இருந்தது. அங்கிருந்து ஹானும் தோழர்களும் சென் வின்சன்ட் வைத்தியசாலைக்குச் சென்றனர். அஷ்மன் எண்பது இறாத்தல் எடைக்கு மெலிந்திருந்தார். பார்வை போய்விட்டது, பேச்சும் அரிதாயிற்று. படம் பெரு வெற்றி பெறும், யார் நினைத்திருப்பார் என்று ஹான் அவர் காதருகே சொன்னார். தாம் நினைத்திருந்ததாக அஷ்மன் மெல்ல விடை கூறினாராம். நான்கு நாள் கழித்து, மார்ச் 14ஆம் நாள், தம் 40ஆம் வயதில் அவர் காலமானார்.

வேலை நிற்கவில்லை, நிற்க நேரமும் இல்லை. செப்டெம்பர் மாத இறுதியில் நியூயோர்க் திரைப்பட விழாவிலே படம் அரைகுறையாகவே காட்டப்பட்டது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வண்ணம் பெறாமல் வெறும் கோட்டுச் சித்திரமாய் இருந்தது. பார்த்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினர். நவம்பரிலே, குறித்தபடியே, முழுப்படமும் வெளியாயிற்று. கடற்கன்னிக்குக் குரலும் விலங்குக்கு ஆன்மாவும் தந்த நண்பர் என்று அஷ்மனைக் குறிப்பிட்டு, படத்தின் முடிவில் அவருக்குக் காணிக்கை பொறித்தனர். ஆண்டின் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் போட்டியிலே முதன்முதல் இடம்பெற்ற சித்திரப்படம் இதுவே. அப்பரிசு வேறொரு படத்துக்குப் போயிற்று. சிறந்த பாட்டுக்கான போட்டியில் இருந்த ஐந்து பாட்டில் மூன்று இப்படத்தினவை. தலைப்புப் பாட்டு வென்றது. 1992 மார்ச் 30ஆம் நாள் மென்கனோடு மேடையேறி அஷ்மனின் பரிசைப் பெற்றவர் அவருடைய வாழ்க்கைத் துணைவர். எயிட்ஸ் நோய்க்குப் பறிகொடுத்த ஒருவருக்கு அவ்விருது கிடைப்பது அதுவே முதற்றடவை என்பதை அவர் அவையறியச் சொன்னார்.

நீக்கிய பாட்டு அழிந்துவிடவில்லை. 1994 ஏப்ரலில் இக்கதை நியூயோர்க் புரோட்வே அரங்கில் நாடகமாய் மேடையேறியபொழுது, ஏவலாளர் ‘மீண்டும் மனிதராவோம்’ என்று பாடி ஆடினர். மேடையிலே நாட்காட்டியை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. விலங்குக்கு முழுப்பாட்டு ஒன்று இல்லாத குறையும் அங்கே தெரிந்தமையால், மென்கன் இசையமைக்க, ஆங்கிலக் கவிஞர் ரிம் ரைஸ் புதிதாக எழுதிக் கொடுத்தார். 2002இல் பெருந்திரைக்காகப் படத்தை மறுபடி வெளியிட்டபொழுது, நீக்கிய பாட்டைச் சுருக்கி, ஏறத்தாழ ஆறு நிமிடமாக்கி, புதிதாக வரைந்து சேர்த்தனர். மாதங்கள் ஓடுவதாக இருந்த பகுதி போய், ஒரே நாளில் மாளிகையைத் துப்புரவாக்கும் பாட்டாய் அது மாறியது. அதனை வைத்த இடம், அதற்குப் பதிலாய் வந்த சிறிய பாட்டுக்கு அடுத்தபடியாக. இரண்டையும் ஒருசேரக் கேட்போருக்குப் பெரிய பாட்டுக் காதுக்கு இனிமையாகவே இருக்கும். ஆனாற் பெல்லும் விலங்கும் சற்று நேரம் காத்திருக்கின்றனர்.